பழைய வீடும் புதிய அறையும்: அஸ்திவாரங்களை இணைப்பது எவ்வாறு?

குடும்பம் வளரும்போது வீடும் வளர வேண்டியிருக்கிறது. பழைய வீட்டை இடித்துவிட்டுப் புதிதாக எழுப்பும் வசதி எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ஆகவே, பின்புறத்திலோ பக்கவாட்டிலோ எஞ்சியிருக்கும் இடத்தில் இரண்டோர் அறைகளைச் சேர்த்துக் கட்டிக்கொள்வது நாடெங்கும் வழக்கமாக இருந்து வருகிறது. வேலை முடிந்து, வெள்ளையடித்துக் குடிபுகும் நாளில் பழையது எது, புதியது எது என்று பிரித்தறிய முடியாதவாறு எல்லாம் பொருந்தியிருக்கும். இரண்டொரு மழைக்காலங்கள் கழிந்த பின்னர், இரண்டும் சேருமிடத்தில் மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய கோடு தோன்றும். அடுத்த ஆண்டில் அக்கோட்டினுள் கத்தியின் முனை நுழையும். கொத்தனார் அதைச் சிமெண்டுக் கலவையால் அடைப்பார்; அது மீண்டும் திறந்துகொள்ளும்.

குறை பூச்சில் இல்லை, சுவரிலும் இல்லை. கண்ணுக்குப் புலப்படாமல் மண்ணுக்குள் புதைந்திருக்கும் அஸ்திவாரத்தில்தான் இருக்கிறது. வாழ்நாள் சேமிப்பைச் செலவிட்டுக் கட்டிய அறையைக் காப்பதற்கும், அதைக் கட்டும்போது பழைய வீட்டில் குடியிருப்போரின் உயிரைக் காப்பதற்கும், இரண்டு அஸ்திவாரங்களும் எவ்வாறு சந்திக்கின்றன என்பதை அறிந்துகொள்வது அவசியமாகும்.

இறங்கி முடிந்த வீடும் இறங்கத் தொடங்கும் அறையும்

எந்தக் கட்டடமும் தான் நிற்கும் மண்ணில் சிறிதளவாவது இறங்காமல் இருப்பதில்லை. கட்டடத்தின் எடை மண் துகள்களை நெருக்குகிறது; துகள்களுக்கு இடையேயுள்ள வெற்றிடம் சுருங்குகிறது. மணற்பாங்கான நிலத்தில் இம்மாறுதல் கட்டட வேலை நடக்கும்போதே பெரும்பாலும் முடிந்துவிடும். களிமண் நிலத்தில் நிலைமை வேறு. நீர் நிறைந்த களிமண் நெருங்க வேண்டுமானால் அதனுள் இருக்கும் நீர் மெல்ல மெல்ல வெளியேற வேண்டும். அவ்வாறு வெளியேறுவதற்கு மாதங்களும், சில இடங்களில் பல ஆண்டுகளும் பிடிக்கும். மண்ணியக்கவியலின் தந்தை என்று போற்றப்படும் கார்ல் டெர்ஸாகி இவ்வுண்மையைக் கணித வடிவில் விளக்கி, 1925-ஆம் ஆண்டில் தமது நூலை வெளியிட்டார். அவருடைய கணக்கின்படி, களிமண் படலத்தின் கனம் இரண்டு மடங்கானால், அது நெருங்கி முடிவதற்கு நான்கு மடங்கு காலம் தேவைப்படும்.

முப்பது ஆண்டுகளாக நிற்கும் ஒரு வீடு பெரும்பாலும் தான் இறங்க வேண்டிய அளவுக்கு இறங்கி ஓய்ந்திருக்கும். அதன் அருகில் எழும் புதிய அறையோ அப்பொழுதுதான் இறங்கத் தொடங்குகிறது. ஒன்று நிற்கிறது, மற்றொன்று நகர்கிறது. வெடிப்புக்கு மூல காரணம் இதுவே.

சிறிய அறைதானே, அதன் எடை என்ன இருக்கப்போகிறது என்று கருதிவிடக் கூடாது. 4 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் உள்ள ஓர் அறையின் நீண்ட பக்கம் பழைய சுவரை ஒட்டி அமைவதாகக் கொள்வோம். புதிதாக எழுப்ப வேண்டிய மூன்று சுவர்களின் மொத்த நீளம் 10 மீட்டர். 3 மீட்டர் உயரமும் 23 செ.மீ. கனமும் உள்ள அச்செங்கற் சுவர்கள் மட்டுமே ஏறத்தாழ 13 டன் எடையிருக்கும். 12 செ.மீ. கனமுள்ள கான்கிரீட் கூரை ஏறத்தாழ மூன்றரை டன். பீடத்துக்கும் அஸ்திவாரத்துக்கும் வைக்கும் கட்டு வேலையையும் சேர்த்தால் மொத்த எடை 25 டன்னைத் தாண்டிவிடும். இதுவரை ஒரு துளசி மாடத்தையும் சில பூச்செடிகளையும் தாங்கி வந்த மண், சில வாரங்களுக்குள் இப்பாரத்தை ஏற்க வேண்டியிருக்கிறது.

எவ்வளவு இறங்கினால் சுவர் வெடிக்கும்? ஸ்கெம்ப்டன், மக்டொனால்டு என்னும் இரு பிரிட்டிஷ் பொறியியல் அறிஞர்கள் 98 கட்டடங்களைப் பற்றிய விவரங்களைத் திரட்டி ஆராய்ந்து, 1956-இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். இரு இடங்களுக்கு இடையேயுள்ள தூரத்தில் முந்நூற்றில் ஒரு பங்கு அளவுக்கு ஒன்று மற்றதைவிட அதிகமாக இறங்கினால், சுவர்களில் வெடிப்பு ஏற்பட இடமுண்டு என்பது அவற்றுள் ஒன்று. இதை மேற்கூறிய அறைக்குப் பொருத்திப் பார்க்கலாம். பழைய வீட்டோடு ஒட்டிய விளிம்பு அசையாமல் இருக்க, 3 மீட்டருக்கு அப்பாலுள்ள விளிம்பு 10 மி.மீ. இறங்கினாலே போதும், அந்த எல்லை எட்டிவிடுகிறது. 10 மி.மீ. என்பது ஒரு சுண்டுவிரலின் கனம்கூட இல்லை.

இத்தொல்லை இக்காலத்துக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் வின்செஸ்டர் நகரிலுள்ள பெரிய தேவாலயத்தின் கட்டட வேலை 1079-இல் தொடங்கியது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் கிழக்குக் கோடியில் ஒரு புதிய பகுதி சேர்க்கப்பட்டது. நீர் ஊறிய, மட்கிய தாவரங்கள் கலந்த மண்ணின் மீது மரக்கட்டைகளைப் பரப்பி, அவற்றின் மேல் சுவர்களை எழுப்பினர். காலம் செல்லச் செல்ல அப்பகுதி இறங்கிச் சாய்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் சுவர்களும் வளைவுக் கூரைகளும் பிளந்து ஆபத்தான நிலையை அடைந்தன. சுவரின் கீழே குழி தோண்டியபோது நீர் பெருகி நிறைந்தது. அந்நீரை இறைத்து வெளியேற்றினால் மண்ணும் உடன் கரைந்து வந்து கட்டடம் விழுந்துவிடும் என்று அஞ்சிய பொறியியலார், வில்லியம் வாக்கர் என்னும் முக்குளிப்பாளரைப் பணியில் அமர்த்தினர். அவர் 1906 முதல் 1911 வரை, கலங்கிய நீரின் இருளில் கைகளால் தடவித் தடவியே, சுவரின் அடியில் ஆயிரக்கணக்கான கான்கிரீட் மூட்டைகளை அடுக்கினார். சேர்த்துக் கட்டியவர்கள் மண்ணைச் சோதிக்காமல் விட்டதற்கு, ஏழு நூற்றாண்டுகளுக்குப் பின் வந்தவர்கள் விலை கொடுக்க வேண்டியதாயிற்று.

சந்திப்பிலுள்ள மண்

புதிய அஸ்திவாரத்துக்கு மிக மோசமான மண் எங்கே இருக்கிறது என்று கேட்டால், பழைய சுவரை ஒட்டியே இருக்கிறது என்பதுதான் விடை. அதற்குக் காரணங்கள் உண்டு. பழைய வீட்டைக் கட்டியபோது, சுவரின் அகலத்தைவிட அதிக அகலமாக வாணம் தோண்டியிருப்பார்கள். அஸ்திவாரம் எழுந்த பின்பு, இருபுறமும் எஞ்சிய பள்ளத்தைத் தோண்டிய மண்ணாலும் உடைந்த செங்கல்லாலும் நிரப்பியிருப்பார்கள். அந்நிரப்பு மண் எத்தனை ஆண்டுகள் ஆனாலும் இயற்கை நிலத்தின் உறுதியைப் பெறுவதில்லை. மேலும், கூரையிலிருந்து விழும் மழைநீரும், சமையலறையிலிருந்து ஓடிய கழிவுநீரும் அந்த இடத்தில்தான் ஆண்டுக்கணக்கில் ஊறியிருக்கும். வீட்டின் பின்புறமாயின், தூர்ந்த கிணறோ பழைய கழிவுத் தொட்டியோ மறைந்திருக்கவும் கூடும்.

ஆகவே, திட்டம் வரையும் முன்பே இரண்டு சோதனைக் குழிகளைத் தோண்டிப் பார்ப்பது நல்லது. ஒன்று பழைய சுவரை ஒட்டி அமைய வேண்டும். அதனால் பழைய அஸ்திவாரத்தின் ஆழம், அகலம், அது எதனால் ஆனது என்னும் விவரங்கள் தெரியவரும். மற்றொன்று புதிய அறையின் வெளி மூலையில் அமைய வேண்டும். இயற்கை மண்ணின் தன்மை அதில் தெரியும். புதிய அஸ்திவாரத்தின் அடிமட்டத்துக்குக் கீழேயும், அதன் அகலத்தைப் போல் ஒன்றரை மடங்கு ஆழத்துக்காவது மண் எப்படி இருக்கிறது என்று அறிவது பயனளிக்கும்; ஏனெனில் தனித்த தூண் பாதத்தின் பாரம் அவ்வளவு ஆழம்வரை குறிப்பிடத்தக்க அளவில் பரவுகிறது.

தோண்டும்போது நேரும் ஆபத்து

சேர்த்துக் கட்டும் வேலையில் உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் கட்டம் இதுவே. பழைய அஸ்திவாரத்தின் அடியிலுள்ள மண் தன் சொந்த வலிமையால் மட்டும் பாரத்தைத் தாங்கவில்லை. இருபுறமும் அமர்ந்திருக்கும் மண்ணின் எடை அதை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஒரு புறத்து மண்ணை அகற்றிவிட்டால், அடிமண் அப்பக்கமாகப் பிதுங்கி வெளியேற வழி கிடைத்துவிடும். புதிய வாணத்தைப் பழைய அஸ்திவாரத்தின் அடிமட்டத்தையும் தாண்டி ஆழமாகத் தோண்டினால் ஆபத்து பன்மடங்காகும். மழை பெய்து அவ்வாணத்தில் நீர் தேங்கினால், சுவர் எச்சரிக்கை தராமலே சரிந்துவிடக்கூடும்.

இதனைத் தவிர்க்கக் கைக்கொள்ள வேண்டிய விதிகள் எளியவை. முதலாவதாக, பழைய சுவரை ஒட்டிய இடத்தில் புதிய அஸ்திவாரத்தின் அடிமட்டம் பழையதன் அடிமட்டத்தோடு ஒத்திருத்தல் நலம். இரண்டாவதாக, பழைய சுவருக்கு இணையாக ஓடும் வாணத்தை முழு நீளத்துக்கும் ஒரே நாளில் திறந்துவிடலாகாது. ஒன்று அல்லது ஒன்றேகால் மீட்டர் நீளமுள்ள துண்டுகளாகப் பிரித்து, ஒரு துண்டைத் தோண்டிக் கான்கிரீட் இட்டு நிரப்பிய பிறகே அடுத்ததைத் திறக்க வேண்டும். மூன்றாவதாக, மழைக்காலத்தில் இவ்வேலையைத் தொடங்கக் கூடாது. நான்காவதாக, வாணத்திலிருந்து எடுத்த மண்ணை அதன் விளிம்பிலேயே குவித்து வைத்தல் தவறு.

உறுதியான மண் ஆழத்தில்தான் கிடைக்கிறது என்றால் என்ன செய்வது? மணற்பாங்கான நிலத்தில், அருகருகேயுள்ள இரு அஸ்திவாரங்களின் அடி விளிம்புகளை இணைக்கும் கோடு, இரண்டு பங்கு கிடைக்கு ஒரு பங்கு செங்குத்து என்னும் சரிவைவிடச் செங்குத்தாக இருக்கலாகாது என்பது இந்திய விதிமுறை. அதாவது, புதியது பழையதைவிட 60 செ.மீ. ஆழமாக இறங்க வேண்டுமானால், அது 1.2 மீட்டராவது விலகியிருக்க வேண்டும். அவ்வளவு விலக இடமில்லையெனில், பழைய அஸ்திவாரத்துக்குக் கீழே புதிய தாங்கலை அமைத்து அதை ஆழப்படுத்த வேண்டும். சுவரின் நீளத்தைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒன்றைவிட்டு ஒன்றாகக் குழி பறித்து, கான்கிரீட் நிரப்பி, அது இறுகிய பின்னர் மேலே எஞ்சும் சிறு இடைவெளியில் ஈரம் குறைந்த கலவையை அடித்துச் செருகுவர். பார்வைக்கு எளிதாகத் தோன்றும் இவ்வேலையை அனுபவமுள்ள பொறியியலாரின் நேரடிக் கண்காணிப்பின்றி ஒருபோதும் மேற்கொள்ளலாகாது. வேலை நடக்கும் நாட்களில் அச்சுவரை ஒட்டிய அறைகளில் யாரும் படுத்துறங்கவும் கூடாது.

பிரிப்பதா, பிணைப்பதா?

மண்ணின் நிலை தெரிந்த பின்பு தீர்மானிக்க வேண்டிய தலையாய கேள்வி இதுதான். இரண்டு வழிகள் உண்டு, இரண்டும் சரியானவையே. இரண்டுக்கும் நடுவே நிற்பதுதான் தவறு.

பெரும்பாலும் நடைபெறுவது இந்த நடுவழியே. கொத்தனார் பழைய சுவரில் ஒரு வரி விட்டு ஒரு வரியாகச் செங்கல்லைப் பெயர்த்து, அப்பள்ளங்களில் புதிய சுவரின் செங்கற்களைப் பல்லோடு பல் கோத்ததுபோல் செருகிக் கட்டுகிறார். அஸ்திவாரத்திலோ இரண்டுக்கும் தொடர்பே இல்லை. புதிய சுவர் இறங்கும்போது, செருகிய செங்கற்கள் அதைத் தாங்கவும் முடியாமல், விடவும் முடியாமல் உடைகின்றன. தெளிவான ஒரு கோடாக இருந்திருக்க வேண்டிய பிரிவு, படிப்படியாக ஓடும் கிழிசலாகிப் பழைய சுவரினுள்ளும் பரவுகிறது.

பிரிக்கும் வழியில், புதிய பகுதி தன் சுவர்கள், கூரை, அஸ்திவாரம் யாவற்றிலும் தனித்து நிற்கிறது. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 25 மி.மீ. இடைவெளி அஸ்திவாரத்தின் அடியிலிருந்து கூரைவரை தடையின்றிச் செல்கிறது. அதை எளிதில் அமுங்கும் பலகையால் நிரப்பி, வெளிமுகத்தை நெகிழும் பொருளால் அடைத்து, மேலே ஒரு தகட்டை ஒரு பக்கம் மட்டும் பொருத்தி மூடுவர். பழைய சுவரை ஒட்டியே புதிய தூண்களை வைத்தால் அவற்றின் பாதம் பழைய அஸ்திவாரத்தின் மேல் ஏறிவிடும். ஆகவே தூண்களை ஒரு மீட்டருக்கு மேல் உள்ளே தள்ளி வைத்து, அங்கிருந்து தாங்கு உத்திரங்களைக் கை நீட்டியதுபோல் பழைய சுவரை நோக்கி நீட்டுவது சிறந்த முறையாகும். களிமண் நிலத்திலும், இரு பகுதிகளின் உயரம் மாறுபடும் இடத்திலும் இவ்வழியே ஏற்றது.

பிணைக்கும் வழி, பாறை அல்லது கெட்டியான சரளை போன்ற, இறக்கம் மிகக் குறைவான நிலத்துக்கே பொருந்தும். பழைய கான்கிரீட்டில் துளையிட்டு, துளையிலுள்ள தூசியை முற்றிலும் ஊதி நீக்கி, எபாக்ஸி என்னும் பசையை நிரப்பி, முறுக்குக் கம்பிகளைப் பதிப்பர். பதிக்கும் ஆழம் கம்பியின் விட்டத்தைப் போல் பத்து மடங்குக்குக் குறையாமல் இருத்தல் வேண்டும். பின்னர் அக்கம்பிகளைப் புதிய பீட உத்திரத்தின் கம்பிகளோடு சேர்த்துக் கான்கிரீட் இடுவர். ஆயினும் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். இக்கம்பிகள் இரு பகுதிகளும் விலகாமல் பிடித்துக்கொள்ளுமேயன்றி, 25 டன் எடையுள்ள அறை இறங்குவதைத் தடுத்து நிறுத்தா. மேலும், பழைய அஸ்திவாரம் சுண்ணாம்பும் உடைகல்லும் கலந்து அடித்ததாக இருந்தால், கம்பி அதில் பிடிப்புக் கொள்ளவே கொள்ளாது. அங்கே துளையிடுவது பழையதைப் பலவீனப்படுத்துவதாகவே முடியும்.

இவ்விரு வழிகளிலும் காலம் ஒரு துணைவனாக உதவும். புதிய பகுதியைக் கூரைவரை எழுப்பி, அதன் முழு எடையும் மண்ணில் அமர்ந்த பிறகே சந்திப்பின் தரையையும் பூச்சையும் முடிக்க வேண்டும். இடையே ஒரு மழைக்காலம் கழியுமாயின் மேலும் நன்று.

கரிசல் நிலத்தில்

தக்காணப் பீடபூமியில் பரந்து கிடக்கும் கரிசல் மண்ணில் இதுவரை கூறியவற்றோடு வேறொரு சிக்கலும் சேர்கிறது. அம்மண் ஈரம்பட்டால் உப்புகிறது. காய்ந்தால் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கிறது. பழைய வீட்டின் நடுப்பகுதிக்குக் கீழே வெயிலும் மழையும் நேராகப் படாததால், ஈரம் பல ஆண்டுகளாக ஒரே நிலையில் இருந்திருக்கும். சுவருக்கு வெளியேயுள்ள மண்ணோ பருவந்தோறும் உப்பியும் சுருங்கியும் வந்திருக்கும். அவ்விடத்தில் புதிய அறை எழுந்து தரை மூடப்பட்டதும், மண்ணிலிருந்து ஆவியாகிச் சென்ற ஈரம் உள்ளேயே தங்குகிறது. ஆகவே, கோடையில் காய்ந்த மண்மீது கட்டிய அறை, இறங்குவதற்கு மாறாகச் சில வேளைகளில் மேலே எழும்புகிறது. இடத்தை ஒழிக்கப் பெரிய மரம் ஒன்றை வெட்டியிருந்தாலும் இதே விளைவு நேரும். மரம் உறிஞ்சிய நீர் இனி மண்ணில் தங்குமல்லவா?

ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் 1947-இல் தோன்றியது. கரிசல் நிலத்துக்கென அங்கு உருவாக்கப்பட்ட அடி விரிந்த பைல் முறை நாடெங்கும் பயன்பட்டு வருகிறது. கையால் சுழற்றும் துளைக்கருவியைக் கொண்டு ஆழமான துளையிட்டு, அதன் அடிப்பகுதியை மட்டும் குமிழ்போல் விரிவாக்கி, கம்பிக்கூட்டை இறக்கிக் கான்கிரீட் நிரப்புவதே இம்முறை. குமிழின் விட்டம் பொதுவாகத் தண்டின் விட்டத்தைப் போல் இரண்டரை மடங்கு இருக்கும். ஆழ்ந்த கரிசல் மண்ணில் பைலின் நீளம் தரைமட்டத்திலிருந்து 3.5 மீட்டருக்குக் குறையலாகாது. பருவத்துக்குப் பருவம் மாறும் ஈரத்தின் ஆட்சி எட்டாத மண்ணில் குமிழ் நங்கூரம்போல் அமர்வதற்கே இவ்வாழம். பைல்களின் தலைகளை இணைக்கும் உத்திரத்துக்கும் தரைக்கும் இடையே 80 மி.மீ. வெற்றிடம் விடப்படுகிறது. மண் உப்பினாலும் உத்திரத்தை முட்டாது. சேர்த்துக் கட்டும் அறைக்கு இம்முறை மிகவும் பொருத்தமானது. ஏனெனில் பழைய சுவரின் அருகே நீண்ட வாணம் எதையும் திறக்க வேண்டியதில்லை.

பூமி அதிரும்போது

2001-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் நாள் குஜராத்தில் நிகழ்ந்த பெரும் பூகம்பம், கட்டடங்கள் அமைந்த விதமே உயிர்களைக் காக்கிறது அல்லது பறிக்கிறது என்பதை நாட்டுக்கு உணர்த்தியது. உயரமும் கட்டுமுறையும் வேறுபட்ட இரு கட்டடங்கள் ஒரே விதமாக ஆடுவதில்லை. நெருங்கி நின்றால் ஒன்றையொன்று மோதி உடைக்கும். இதனைத் தடுக்க, செங்கற் சுவர்களால் பாரம் தாங்கும் கட்டடங்களுக்கு இடையே மாடி ஒன்றுக்கு 15 மி.மீ. வீதமும், மொத்தத்தில் 25 மி.மீ.க்குக் குறையாமலும் இடைவெளி விடுமாறு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 1993-ஆம் ஆண்டு விதிமுறை கூறியது. இவ்விடைவெளி பீடமட்டத்துக்கு மேலுள்ள பகுதிக்கே இன்றியமையாதது. மண் இறங்குவதைக் கருதி விடும் இடைவெளியோ அஸ்திவாரத்தின் அடிவரை செல்ல வேண்டும். இவ்விரண்டின் நோக்கத்தையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால் வரைபடங்களில் பிழைகள் நேர்கின்றன.

கட்டி முடித்த பிறகு

சந்திப்பில் நீர் தேங்காமல் பார்த்துக்கொள்வது அஸ்திவாரத்துக்குச் செய்யும் பெரும் பாதுகாப்பாகும். பழைய கூரையின் நீரைப் புதிய கூரையின் மீது விழவிடாமல் குழாய் வைத்து விலக்க வேண்டும். சுவரைச் சுற்றிலும் வெளிப்புறம் சரிவான தளம் அமைக்க வேண்டும்.

இவ்வளவுக்குப் பின்னும் ஒரு கோடு தோன்றினால் அஞ்ச வேண்டியதில்லை. உடனே அடைத்து மறைக்கவும் வேண்டியதில்லை. ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை வெடிப்பின் குறுக்கே வைத்து, இரு முனைகளையும் சிமெண்டுக் கலவையால் சுவரோடு ஒட்டி, அதன் அருகில் அன்றைய தேதியை எழுதி வைக்கலாம். ஓராண்டு கழிந்தும் கண்ணாடி முழுமையாக இருந்தால், மண் ஓய்ந்துவிட்டது. கோட்டை அடைத்துப் பூசலாம். கண்ணாடி உடைந்திருந்தால், அடியில் அசைவு தொடர்கிறது. அப்போது அழைக்க வேண்டியவர் பூச்சு வேலைக்காரர் அல்லர், பொறியியலாரே.

சோதனைக் குழி இரண்டுக்கு ஆகும் செலவு சில நாள் கூலிதான். கட்டிய பின்னர் அஸ்திவாரத்தைத் திருத்துவதற்கு ஆகும் செலவோ, அறையைக் கட்டிய செலவையே மிஞ்சக்கூடும். பழைய வீடு தன் மண்ணோடு பல ஆண்டுகள் பழகி அமைதி கண்டிருக்கிறது. புதிய அறைக்கும் அத்தகைய அமைதி கிட்டும்வரை, அதன் அசைவுக்கு இடம்விட்டுக் கட்டுவதே அறிவுடைமையாகும்.